பாட்டுப் போன பின் நிற்கும் ஃபோல்டர்கள்

பல வருஷங்களாகச் சேர்த்த பாட்டுகளை ஒரு ஹார்ட் டிஸ்க்கிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி, படவாரியாகவும் வருஷவாரியாகவும் அடுக்கி முடித்து, இனி நிம்மதி என்று நாற்காலியில் சாய்கிற வேளையில்தான், பழைய டிஸ்க்கில் ஒரு பாட்டுகூட இல்லாத நூற்றுக்கணக்கான ஃபோல்டர்கள் தத்தம் பெயர்ப்பலகையைத் தாங்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே நிற்பது கண்ணில் படும். 'ராஜா ஹிட்ஸ்', 'ராஜா சோகம்', 'ராஜா சோகம் புதுசு', 'நியூ ஃபோல்டர்', 'நியூ ஃபோல்டர் (2)', அதைத் திறந்தால் உள்ளே மறுபடியும் ஒரு 'நியூ ஃபோல்டர்'. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து அழிப்பதற்கு ஆயுசு போதாது. திறந்து பாராமல் மொத்தமாக அழிப்பதற்கோ மனம் துணியாது. இந்த வேலையை யந்திரத்தினிடம் ஒப்படைக்கலாமா, ஒப்படைப்பதானால் எந்த நிபந்தனைகளோடு ஒப்படைக்க வேண்டும் என்பதைப் பற்றிச் சாவகாசமாக எழுத உத்தேசம்.

எங்கள் தேனி ஜில்லாக்காரர்களை இந்த உபாதை சற்றுக் கூடுதலாகவே பீடிக்கிறது என்பது என் அபிப்பிராயம். பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜாவும், அல்லிநகரத்திலிருந்து போன பாரதிராஜாவும், வடுகபட்டியில் வளர்ந்த வைரமுத்துவும் 1980-இல் 'நிழல்கள்' படத்தில் ஒன்றுசேர்ந்தார்கள் அல்லவா? அப்போது இது மதுரை ஜில்லா. தேனி தனி ஜில்லா ஆனது 1996-இல். இந்த மூன்று ஊர்களையும் ஒரே நாளில் சுற்றிவிட்டுச் சாயங்காலக் காப்பிக்குக் கம்பத்துக்குத் திரும்பிவிடலாம். அப்படியிருக்க, 1976-இல் வந்த 'அன்னக்கிளி' தொடங்கி 'மண்வாசனை', 'முதல் மரியாதை' வரையில் எல்லாவற்றையும் தன் வீட்டில் வைத்துக்கொள்ளாமல் இருப்பது ஏதோ சொந்த பந்தத்தைக் கைவிட்டது போன்ற குற்றம் என்று இவ்விடத்தில் பலருக்கும் ஓர் எண்ணம் உண்டு. எனக்கும் உண்டு.

சேர்க்கை எப்படி வளர்ந்தது என்பதைச் சொன்னால்தான் குப்பை எப்படி வளர்ந்தது என்பது விளங்கும். ஆதியில் ரெக்கார்டிங் சென்டர். துண்டுக் காகிதத்தில் பாட்டுகளை வரிசையாக எழுதி, அறுபது நிமிஷக் கேசட்டோ தொண்ணூறு நிமிஷக் கேசட்டோ வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தால், சொன்ன நாளைக்கு இரண்டு நாள் கழித்துப் பதிந்து தருவார்கள். பிறகு எம்பி3 டிஸ்க்குகள் வந்தன. ஒரு நிமிஷப் பாட்டு ஏறக்குறைய ஒரு எம்பி என்னும் கணக்கில், எழுநூறு எம்பி கொள்ளும் ஒரு தகட்டில் நூற்றைம்பது பாட்டுகள் வரை அடங்கின. அவற்றை 'காதல்', 'சோகம்', 'குத்து', 'அம்மன்' என்று தகடு எழுதியவர் தம் மனம் போனபடி வகுத்து வைத்தார். அப்புறம் பென் டிரைவ். ஒவ்வொரு யுகத்தின் சேர்க்கையும் அடுத்த யுகத்தின் சேர்க்கைக்குள் பிரிக்கப்படாமல் அப்படியே கொட்டப்பட்டதால், கேசட்டிலிருந்து ஏற்றியது தகட்டு ஃபோல்டருக்குள்ளும், தகட்டு ஃபோல்டர் பென் டிரைவ் ஃபோல்டருக்குள்ளும், அது 'பழைய கம்ப்யூட்டர்' என்னும் ஃபோல்டருக்குள்ளுமாக அடைந்து கிடக்கும். இந்த நிலையில் ஒரு நாள் ஞானோதயம் உண்டாகி, பாட்டுக்குள்ளேயே பொதிந்திருக்கும் படப் பெயர், பாடகர், வருஷம் ஆகிய குறிப்புகளைப் படித்து ஒவ்வொரு பாட்டையும் அதற்குரிய இடத்துக்கு அனுப்பும் மென்பொருள் ஒன்றை ஓடவிடுகிறோம். அது தன் கடமையைச் செவ்வனே செய்துவிடுகிறது. எஞ்சி நிற்பவைதாம் இந்தக் கூடுகள்.

பாட்டு போனால் ஃபோல்டரும் கூடவே போக வேண்டியதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமே. ஆனால் மென்பொருளின் கண்ணுக்குப் பாட்டு வேறு, பாட்டு இருந்த இடம் வேறு. ஒரே டிஸ்க்குக்குள் மாற்றும்போது கோப்பு உண்மையில் அசைவதுகூட இல்லை. இன்ன ஃபோல்டரில் இன்ன பெயர் என்னும் பதிவு மட்டும் ஓரிடத்தில் அடிக்கப்பட்டு வேறோரிடத்தில் எழுதப்படுகிறது. ஐந்நூறு பாட்டானாலும் கண் இமைக்கும் நேரத்தில் முடிவதன் காரணம் அதுதான். ஒரு டிஸ்க்கிலிருந்து வேறு டிஸ்க்குக்கு மாற்றும்போதோ, முதலில் பிரதி எடுத்து, பிறகு மூலத்தை அழிக்க வேண்டியிருக்கிறது. இரண்டு வகையிலும் கட்டளை கோப்பைக் குறித்தே பிறப்பிக்கப்பட்டது. ஃபோல்டரைப் பற்றி எவரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததைச் செய்யாமல் இருப்பது யந்திரத்துக்கு அழகு.

அடுத்த விசித்திரம், காலி என்று நாம் நம்பும் ஃபோல்டர்களில் பாதி காலியே அல்ல என்பது. வீட்டைக் காலி செய்துகொண்டு போகிறவன் பண்டம் பாத்திரங்களையெல்லாம் வண்டியில் ஏற்றிவிட்டுச் சுவரில் அடித்த ஆணியையும் அதில் தொங்கும் போன வருஷத்துக் காலண்டரையும் விட்டுச் செல்வதைப் போல, பாட்டுகள் போன பிறகும் சில சில்லறைக் கோப்புகள் உள்ளே தங்கிவிடுகின்றன. பழைய விண்டோஸ், படங்களின் சிறு உருவங்களைச் சேமித்து வைக்க 'தம்ப்ஸ் டிபி' என்று ஒன்றை அந்தந்த ஃபோல்டரிலேயே போட்டு வைக்கும். விஸ்டாவுக்குப் பிறகு அந்தச் சேமிப்பு ஓரிடத்தில் திரட்டப்பட்டாலும் பழைய டிஸ்க்குகளில் எக்ஸ்பி காலத்து எச்சங்கள் ஏராளம். ஃபோல்டரின் தோற்றத்தை நினைவில் வைப்பது 'டெஸ்க்டாப் இனி'. விண்டோஸ் மீடியா பிளேயர் தன் பங்குக்கு ஆல்பத்தின் அட்டைப்படத்தைச் சின்னதும் பெரிதுமாக இரண்டு வடிவில், கேளாமலே கொண்டுவந்து வைக்கும். மாக் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் அந்த டிஸ்க்கை ஒரே ஒரு தடவை தம் கம்ப்யூட்டரில் செருகியிருந்தாலும் போதும், 'டிஎஸ் ஸ்டோர்' என்பது திறந்த இடத்திலெல்லாம் முளைத்திருக்கும். இவையெல்லாம் மறைவுக் கோப்புகளாதலால் சாதாரணமாகத் திறந்து பார்ப்பவன் கண்ணுக்குப் புலப்படா. ஃபோல்டர் வெறுமையாகவே தோன்றும். ஆனால் 'காலியானவற்றை அழி' என்று கட்டளையிட்டால், இது காலியில்லை என்று யந்திரம் பிடிவாதமாகச் சாதிக்கும்.

அந்தப் பிடிவாதத்தை நான் மிகவும் மதிக்கிறேன். யூனிக்ஸ் பரம்பரையைச் சேர்ந்த கணினிகளில் ஃபோல்டரை அகற்றுவதற்கென்று உள்ள மூலக் கட்டளைக்கு ஒரு விரதம் உண்டு: உள்ளே ஒரே ஒரு கோப்பு இருந்தாலும் அது அந்த ஃபோல்டரைத் தொடாது, காலியில்லை என்று சொல்லித் திரும்பிவிடும். விண்டோஸின் கறுப்புத் திரையில் இடும் பழைய கட்டளையும், உள்ளிருப்பவற்றையும் சேர்த்து அழி என்று நாம் பிரத்தியேகமாகக் கேட்டாலன்றி, அவ்விதமே மறுக்கும். ஆகவே, தானாகச் சுத்தம் செய்யும் ஏற்பாடு எதுவானாலும், 'இந்த ஃபோல்டரையும் உள்ளிருப்பதையும் அழி' என்னும் முரட்டுக் கட்டளையின் மேல் அதைக் கட்டாமல், இந்த விரதம் பூண்ட கட்டளையின் மேல் கட்டினால், நம் கணக்கில் எங்கேனும் பிசகு இருந்தாலும் பாட்டுக்குச் சேதம் வராது. அதிகபட்சம், நாலு காலி ஃபோல்டர் போகாமல் நிற்கும். நின்றுவிட்டுப் போகட்டுமே.

வரிசை ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'ராஜா' என்னும் ஃபோல்டருக்குள் 'சோகம்' இருக்கிறது, 'சோகம்' காலி. மேலிருந்து ஆரம்பித்தால், 'ராஜா'வைப் பார்க்கும்போது அதற்குள் 'சோகம்' இருப்பதால் அது காலியில்லை. அதைத் தாண்டிப் போய்ச் 'சோக'த்தை அழித்த பிறகுதான் 'ராஜா' காலியாகிறது. அதற்குள் யந்திரம் அதைக் கடந்து போயிருக்கும். ஆகையால் ஆழத்திலிருந்து மேலே வர வேண்டும். விண்டோஸில் இதற்கு ஒரு பழைய யுக்தி உண்டு. எல்லா ஃபோல்டர்களின் முழு விலாசத்தையும் பட்டியலிட்டு, அகர வரிசையைத் தலைகீழாக்கி, அந்த வரிசைப்படி ஒவ்வொன்றையும் அகற்றச் சொல்வது. உள் ஃபோல்டரின் விலாசம் எப்போதும் வெளி ஃபோல்டரின் விலாசத்தைத் தன் முன்பகுதியாகக் கொண்டு நீள்வதாதலால், நேர்வரிசையில் பிந்தி வரும். தலைகீழாக்கினால் முந்தி வந்துவிடும். இத்தனை எளிய உபாயத்தை முதலில் கண்டவரை மெச்சாமல் இருக்க முடியவில்லை. லினக்ஸில் 'ஃபைண்ட்' கட்டளைக்கு, காலி ஃபோல்டர்களைத் தேடி அழி என்று சொன்னால், ஆழத்திலிருந்து வருவதை அதுவே பார்த்துக்கொள்ளும். ஆனால் தேடத் தொடங்கிய தலை ஃபோல்டரும் காலியாகிவிட்டால் அதையும் சேர்த்து விழுங்கிவிடும், அதற்கு மட்டும் விலக்குச் சொல்லி வைக்க வேண்டும். விண்டோஸிலேயே கூட வரும் 'ரோபோகாப்பி'யிடம், கொடுக்கும் இடமும் கொள்ளும் இடமும் ஒன்றாகவே காட்டி, காலி உள்ஃபோல்டர்களைத் தவிர்த்து நகர்த்து என்று சொல்லியும் இதே காரியத்தைச் சாதிக்கிறவர்கள் இருக்கிறார்கள். காரியம் நடக்கும். எனக்கு அதில் ஒரு கூச்சம். தன்னிடமிருந்து தானே வாங்கிக்கொள்வதாக எழுதும் பத்திரம் மாதிரி இருக்கிறது.

கட்டளை எழுதும் சிரமம் வேண்டாதவர்களுக்கு, பாட்டை நகர்த்தும் மென்பொருளே இதையும் செய்துவிடுகிறது. 'மியூசிக்பிரெயின்ஸ் பிக்கார்ட்' என்னும் இலவச மென்பொருளில், நகர்த்திய பின் காலி ஃபோல்டர்களை நீக்கு என்று ஓர் இடம் உண்டு. தம்ப்ஸ் டிபி, டெஸ்க்டாப் இனி, டிஎஸ் ஸ்டோர் ஆகியவற்றை அது குப்பையாகவே பாவிக்கும். டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் முதலிய முக்கிய ஃபோல்டர்களைக் காலியாக இருந்தாலும் தொடாது. 'பீட்ஸ்' என்னும் மற்றொன்றிலோ எது எது குப்பை என்று நாமே ஒரு பட்டியல் கொடுக்கலாம். கொடுக்காவிட்டால் தம்ப்ஸ் டிபியும் டிஎஸ் ஸ்டோரும் மட்டுமே அதன் பட்டியலில் இருக்கும். இந்தச் சுருக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. பெயர் சொன்னதைத்தான் குப்பை என்று கொள்ளும். பெயர் சொல்லாதது எதுவாயினும் ஃபோல்டரைக் காப்பாற்றிவிடும்.

இதற்கு எதிர்ப்பக்கமாக, அளவைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் சம்பிரதாயம் ஒன்று நம்மவர்களிடையே பரவியிருக்கிறது. ஒரு எம்பிக்குக் குறைவாக உள்ள ஃபோல்டர் எல்லாம் குப்பை, அழித்துவிடு என்பார்கள். பாட்டோ சினிமாவோ அவ்வளவு சிறிதாக இராது என்பது அவர்கள் வாதம். வாதம் சரி; முடிவு தவறு. என் டிஸ்க்கில் 'டிடிகே 90' என்று ஒரு ஃபோல்டர். கேசட்டிலிருந்து ஏற்றிய பாட்டுகள் அனைத்தும் படவாரியாகப் பிரிந்து போய்விட்டன. உள்ளே மிஞ்சியது இரண்டு கேபி அளவுள்ள ஒரு நோட்பேட் கோப்பு. ரெக்கார்டிங் சென்டருக்குக் கொடுத்த காகிதத்தைப் பெரியப்பா பிற்காலத்தில் தம் கையாலேயே தட்டச்சு செய்து வைத்தது அது. ஏ பக்கம், பி பக்கம் என்று பிரித்து, பாட்டுக்கு நேரே குறிப்புகள்: 'இது வேண்டாம் என்றேன், இருந்தும் போட்டுவிட்டான்', 'ரேடியோவில் கேட்டது இதைவிட நன்று', பி பக்கத்துக் கடைசியில், 'டேப் தீர்ந்தது, சரணம் பாதி'. அந்தப் பாதிச் சரணமும் அவர் சேர்க்கையில் ஒரு பாட்டாகவே எண்ணப்பட்டிருக்கிறது. இரண்டு கேபி. அளவைப் பார்த்து அழிப்பவனுக்கு இது தம்ப்ஸ் டிபியைவிட அற்பம்.

அளவே இல்லாத கோப்பும் ஒன்று இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் 'நோமீடியா' என்னும் பெயரோடு, ஒரு எழுத்துகூட உள்ளே இல்லாமல், பூஜ்யம் என்று அளவு காட்டிக்கொண்டு கிடக்கும். அந்தப் பெயரில் ஒரு கோப்பு இருந்தாலே போதும், இந்த ஃபோல்டரில் உள்ள படங்களைக் கேலரியிலும் பாட்டுகளைப் பாட்டு ஆப்பிலும் காட்டாதே என்று பொருள். வாட்ஸ்அப்பில் நாம் அனுப்பும் படங்கள் தங்கும் ஃபோல்டரில் இது இருக்கும். 'பூஜ்ய அளவுக் கோப்புகளை நீக்கு' என்று ஆர்ப்பரிக்கும் சுத்திகரிப்பு ஆப் ஒன்று இதை நீக்கிவிட்டால், மறைந்திருந்தவை யாவும் மறுநாள் கேலரியில் பவனி வரும்.

என் சித்தப்பா மகன் ஜீப் ஓட்டுகிறான். விடிவதற்கு முன்னால் கம்பத்திலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு கம்பமெட்டு வழியாக இடுக்கிப் பக்கத்து ஏலத் தோட்டங்களுக்குப் போய், பொழுது சாயும்போது திரும்பும் நூற்றுக்கணக்கான ஜீப்புகளில் அவனுடையதும் ஒன்று. பாட்டில்லாமல் அந்த மலை ஏற முடியாது என்பது அவனுடைய சித்தாந்தம். ஒருநாள் பென் டிரைவோடு வந்து நின்றான்.

"அண்ணே, செட்டுல ஃபோல்டரு பேரெல்லாம் ஓடுது, பாட்டு மட்டும் வரமாட்டேங்குது. ஒரு பாட்டு முடிஞ்சா அடுத்த பாட்டுக்கு மலையே ஏறிடுறோம்."

"யார்ட்டடா ஏத்துன?"

"கொச்சியில நம்ம ஓனர் தம்பிகிட்ட. ஆப்பிள் கம்ப்யூட்டராம்ணே, பெரிய வெல."

பார்த்தால், மாக் கம்ப்யூட்டர் தன் வழக்கப்படி ஒவ்வொரு பாட்டுக்கும் துணையாக, புள்ளியும் அடிக்கோடும் முன்னால் வைத்து, அதே பாட்டின் பெயரில் நாலு கேபி அளவில் ஒரு நிழல் கோப்பை எழுதியிருந்தது. மாக் அல்லாத கம்ப்யூட்டர்களும் படிக்கக்கூடிய வகையில் ஃபார்மட் செய்த பென் டிரைவுகளில் அது அப்படித்தான் செய்யும். பெயர் எம்பி3 என்று முடிவதால் ஜீப்பின் செட் அதையும் பாட்டு என்று நம்பித் திறந்து, விழித்து, அடுத்ததற்குப் போகிறது. பாட்டுகளை வேறு ஃபோல்டருக்கு மாற்றின இடத்திலோ நிழல்கள் மட்டும் தனியே நின்று, காலியாக வேண்டிய ஃபோல்டரைக் காலியாக விடாமல் காத்துக்கொண்டிருந்தன. இவற்றைப் பெயரைச் சொல்லியே பிடிக்கலாம்: புள்ளி, அடிக்கோடு என்று தொடங்குவன எல்லாம் குப்பை. அவற்றை நீக்கி, காலியான ஃபோல்டர்களையும் நீக்கிக் கொடுத்தேன். 'ஓனர் தம்பிக்கு ஒண்ணும் தெரியல' என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனான்.

காலி ஃபோல்டரைத் தொடவே கூடாத இடமும் உண்டு. கல்யாண வீடியோ எடுப்பவர்கள் கேமராவின் மெமரி கார்டிலிருந்து காட்சிகளைக் கம்ப்யூட்டருக்கு வெட்டி ஒட்டுவார்கள். சோனி கேமராவானால் 'எம்4ரூட்' என்னும் ஃபோல்டருக்குள் 'கிளிப்' என்று ஒன்று. அதில் ஒவ்வொரு காட்சிக்கும் துணையாக ஒரு சிறு எக்ஸ்எம்எல் கோப்பு. பக்கத்திலேயே சிறு படங்களுக்கென்று மற்றொரு ஃபோல்டர். காட்சியை மட்டும் எடுத்துக்கொண்டால் மற்றவை அனாதையாக நிற்கின்றன. காலி ஃபோல்டர்களை யந்திரம் துடைத்துவிட்டாலோ, இடத்தைக் காணோம் என்று கேமரா முகூர்த்த நேரத்தில் முரண்டு பிடிக்கக்கூடும். கார்டு என்பது கேமராவின் வீடு. அங்கே சுத்தம் செய்யும் அதிகாரம் கேமராவுக்கே உரியது. காட்சிகளைப் பிரதி எடுத்து, பிரதி சரியாக இருக்கிறதா என்று ஓட்டிப் பார்த்து, பிறகு கேமராவிலேயே ஃபார்மட் செய்வதுதான் முறை. தாலி கட்டும் காட்சியை வெட்டி ஒட்டுகிறவர்களின் நெஞ்சுத் துணிவு எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

வேண்டுமென்றே காலியாக வைத்த ஃபோல்டர்களை என்ன செய்வது? என் சேர்க்கையில் 'பாவலர் வரதராஜன்' என்று ஒன்று இருக்கிறது. இளையராஜாவின் அண்ணன், கம்யூனிஸ்ட் இயக்கத்து மேடைகளில் ஊர் ஊராகப் பாடியவர். ஈ.எம்.எஸ். மந்திரிசபை கேரளத்தில் அமைந்த மறுவருஷம், 1958-இல், எங்கள் போடிக்கு மேலே மலையில் இருக்கும் தேவிகுளத்தில் நடந்த இடைத்தேர்தலில் தோட்டத் தொழிலாளர் மத்தியில் அவர் பாட்டு முழங்கிற்று என்று இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். தம்பிகள் மேடையேறக் கற்றதும் அவருடைய குழுவில்தான். அவர் குரல் எப்போதேனும் என் கைக்கு வந்து சேர்ந்தால் வைப்பதற்கு இருக்கட்டும் என்று திறந்த ஃபோல்டர் அது. யந்திரத்தின் பார்வையில் இதற்கும் 'நியூ ஃபோல்டர் (2)' என்பதற்கும் யாதொரு வித்தியாசமும் இல்லை, இரண்டிலும் ஒன்றும் இல்லை. ஆகவே இப்படிப்பட்டவற்றுக்குள் 'வை' என்று பெயரிட்ட வெற்றுக் கோப்பு ஒன்றைப் போட்டு வைத்திருக்கிறேன். நிரல் எழுதுகிறவர்கள் 'கிட்' என்னும் சாதனத்தில் காலி ஃபோல்டர்களைப் பதிய முடியாததால் 'கிட்கீப்' என்று ஒரு கோப்பை உள்ளே வைக்கும் வழக்கத்திலிருந்து எடுத்த உபாயம்தான். குப்பைப் பட்டியலில் 'வை' இல்லை. ஆகவே ஃபோல்டர் தப்பும்.

இப்போது என் வீட்டு ஏற்பாடு. பாட்டுகள் நகர்ந்த உடனே சுத்தம் செய்வதில்லை. பென் டிரைவ் பாதி ஏறிக்கொண்டிருக்கும் நேரத்திலும், ஏதேனும் டவுன்லோட் நடந்துகொண்டிருக்கும் நேரத்திலும், ஃபோல்டர் பிறந்துவிட்டது, கோப்பு இன்னும் வரவில்லை என்று ஒரு க்ஷணம் உண்டு. அந்தச் சமயம் பார்த்துத் துடைப்பம் வந்தால் காரியம் கெடும். ஆகையால் ஒரு நாளாவது மாறாமல் கிடக்கும் ஃபோல்டர்களை மட்டும், ராத்திரி வேளையில், டாஸ்க் ஷெட்யூலர் வழியாக ஓடும் சிறு நிரல் பார்வையிடுகிறது. பட்டியலில் பெயர் உள்ள குப்பைக் கோப்புகளை அது அழிப்பதில்லை. 'கழிவு' என்னும் ஃபோல்டருக்கு, பழைய விலாசத்தோடு, ஒதுக்குகிறது. பிறகு விரதம் பூண்ட கட்டளையைக் கொண்டு காலியானவற்றை ஆழத்திலிருந்து அகற்றுகிறது. எதை எடுத்தது, எதை விட்டது என்று ஒரு கணக்கும் எழுதுகிறது. அந்தக் கணக்கில் விட்டவற்றின் பகுதியைத்தான் நான் வாசிப்பது. பெரியப்பாவின் நோட்பேட் கோப்பு அகப்பட்டது அப்படித்தான்.

நெட்வொர்க்கில் வைக்கும் சினாலஜி பெட்டியை உபயோகிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தப் பெட்டி, படமும் பாட்டும் உள்ள ஃபோல்டர்தோறும் 'அட்' குறியில் தொடங்கி 'ஈஏடிர்' என்று முடியும் பெயரில், சிறு உருவங்களுக்கென்று ஒன்றை மறைவாக வைத்துக்கொள்கிறது. பாட்டு போன பின்பும் அது அங்கேயே நின்று, வெளி ஃபோல்டரைக் காலியாகவிடாமல் தடுக்கும். அது கோப்பு அன்று, ஃபோல்டர். கோப்புப் பெயர்களை மட்டும் பார்க்கும் குப்பைப் பட்டியலுக்கு அகப்படாது. அதற்கென்று தனியாக ஒரு வரி எழுத வேண்டும், அதையும் பெயர் சொல்லியே எழுத வேண்டும்.